டெலிபோட்டோ ஜூமில் கூர்மையான படம்: ஷட்டர் வேகமா, நடுக்கத் தடுப்பா, டிரைபாடா, புது லென்ஸா?

தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் டெலிபோட்டோ ஜூம் லென்ஸ் வாங்கிய முதல் வாரத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஓர் ஏமாற்றம் நேர்கிறது. கேமராவின் சின்னத் திரையில் பளிச்சென்று தெரிந்த பறவை, கணினியில் நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தவுடன் பஞ்சு ஒட்டியதுபோல் கலங்கித் தெரிகிறது. உடனே லென்ஸின் மேல்தான் பழி விழும். இன்னும் விலை கூடிய லென்ஸை வாங்குவதா, டிரைபாட் வாங்குவதா, நடுக்கத் தடுப்பு உள்ள கேமராவுக்கு மாறுவதா, இருப்பதையே வேறு விதமாகக் கையாள்வதா என்ற கேள்விகள் அடுத்தடுத்து எழும். இவை அனைத்தும் ஒரே நோய்க்கான மாற்று மருந்துகள் அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு கலங்கலைத்தான் தீர்க்கும் என்பதால், எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் முன் நம் படத்தில் இருப்பது எந்தக் கலங்கல் என்று கண்டுகொள்ள வேண்டும்.

அதைக் கண்டுகொள்வது கடினமன்று. கிளையில் அமர்ந்திருக்கும் ஒரு பறவையின் படத்தை முழு அளவில் திறந்து, பறவையை விட்டுவிட்டு முதலில் கிளையைப் பாருங்கள். கிளை, இலை, பறவை எல்லாமே ஒரே திசையில் இரட்டை விளிம்போடு இழுபட்டிருந்தால் கை நடுங்கியிருக்கிறது. கிளையின் பட்டை துல்லியமாக இருந்து பறவையின் தலை மட்டும் இழுபட்டிருந்தால் பறவை அசைந்திருக்கிறது. பறவையின் கண் மங்கலாகவும், அதற்கு ஒரு விரற்கடை முன்னாலோ பின்னாலோ உள்ள இலை கூர்மையாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. நேராக இருக்க வேண்டிய கோடுகள் நெளிந்து, அடுத்தடுத்த படங்களில் வெவ்வேறு விதமாக நெளிந்திருந்தால் குற்றவாளி காற்று. நான்கும் இல்லாமல், எந்த நிலையில் எடுத்தாலும் படம் முழுவதும் ஒரே சீராக மென்மையாக இருந்தால் மட்டுமே லென்ஸைச் சந்தேகிக்க வேண்டும். நான் பார்த்த மங்கலான படங்களில் முதல் இரண்டு காரணங்களே மிகுதி. அதனால் ஒப்பீட்டையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முழு ஃபிரேம் கேமராவில் (அதன் சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) 300 மி.மீ. லென்ஸ் பார்க்கும் கோணம் மூலைக்கு மூலை 8 டிகிரி சொச்சம்தான். 50 மி.மீ. லென்ஸில் கண்ணுக்கே தெரியாத கை நடுக்கம் இங்கே ஆறு மடங்கு பெரிதாகிச் சென்சாரில் விழுகிறது. ஃபிலிம் காலத்திலிருந்து வழங்கிவரும் விதி, ஷட்டர் நேரம் ஒன்றின் கீழ் குவியத் தூரத்துக்கு (லென்ஸின் மி.மீ. எண்) குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. அதாவது 300 மி.மீ.க்கு 1/300 நொடி. முழு ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 1.5 மடங்கு கணக்கைச் சேர்த்தால் 1/450, நடைமுறையில் 1/500. ஆனால் இந்த விதி அளவான பிரிண்டைக் கையில் பிடித்துப் பார்த்த காலத்துக்கு உரியது. 24 மெகாபிக்சல் படத்தை நூறு சதவீதத்தில் துருவிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்ட பிறகு, அதன் இருமடங்கான 1/1000 நொடியையே கையில் பிடித்து எடுப்பதற்கான தொடக்கப் புள்ளியாகக் கொள்வது நல்லது.

இந்த இடத்தில்தான் முதல் பெரிய தேர்வு வருகிறது: ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை ஏற்றி ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதா, நடுக்கத் தடுப்பை நம்பி வேகத்தைக் குறைப்பதா?

நடுக்கத் தடுப்பு மெய்யாகவே ஒரு பெரிய வசதி. மாற்றத்தக்க எஸ்எல்ஆர் லென்ஸ்களில் அதை முதலில் கொண்டுவந்தது 1995-இல் வெளியான கேனான் 75-300 மி.மீ. லென்ஸ், அது ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் உதவி தந்தது (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இருமடங்காவது அல்லது பாதியாவது). இன்று நான்கு ஸ்டாப், ஐந்து ஸ்டாப் என்று பெட்டியிலேயே அச்சிட்டு விற்கிறார்கள். நான்கு ஸ்டாப் என்றால் 1/500 வேண்டிய இடத்தில் 1/30 போதும் என்று பொருள். கேட்க இனிக்கிறது, ஆனால் அது தடுப்பது நம் கையின் நடுக்கத்தை மட்டுமே, எதிரில் இருப்பவரின் அசைவை அது அறியாது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது பிடிபடும். 20 மீட்டர் தொலைவில் ஒருவர் நம் பார்வைக்குக் குறுக்காக, நொடிக்கு ஒரு மீட்டர் என்ற சாதாரண நடையில் போகிறார் என்று கொள்வோம். 300 மி.மீ. லென்ஸ் அவருடைய பிம்பத்தைச் சென்சாரின் மேல் நொடிக்கு 15 மி.மீ. வேகத்தில் நகர்த்துகிறது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 4 மைக்ரான். கேமராவை அசைக்காமல் 1/30 நொடியில் எடுத்தால் அவர் நூற்றிருபது பிக்சலுக்கும் மேல் இழுபடுவார். 1/500-இல் எட்டு பிக்சல். 1/2000-இல் இரண்டு பிக்சல். மெதுவாக நடக்கும் மனிதருக்கே இந்த நிலை என்றால் சிறகடிக்கும் பறவைக்கும் பந்தைத் துரத்தும் குழந்தைக்கும் சொல்ல வேண்டியதில்லை. நடுக்கத் தடுப்பு இங்கே செய்வதெல்லாம், பின்னணியில் உள்ள சுவரைத் துல்லியமாகக் காட்டி அவர் இழுபட்டிருப்பதை இன்னும் எடுப்பாகக் காட்டுவதுதான்.

ஆகவே உயிருள்ள எதையும் படமெடுப்பவருக்கு என் பரிந்துரை, ஐயத்துக்கு இடமின்றி, ஷட்டர் வேகமே. உட்கார்ந்திருக்கும் பறவைக்குக்கூட 1/500-க்குக் கீழே இறங்க நான் தயங்குவேன். அவை தலையைத் திருப்பும் வேகம் அப்படி. பறப்பவற்றுக்கு 1/2000 அல்லது அதற்கு மேல். இதற்கான விலை ஐஎஸ்ஓ. நல்ல வெயிலில் எஃப்/6.3 அப்பர்ச்சரில் (லென்ஸின் திறப்பு; எண் கூடினால் திறப்பு சிறிதாகும்) ஐஎஸ்ஓ 400 வைத்தாலே 1/2500 கிடைத்துவிடும். மர நிழலுக்கு வந்து வெளிச்சம் மூன்று ஸ்டாப் குறைந்தால் அதே வேகத்துக்கு ஐஎஸ்ஓ 3200 தேவைப்படும். அந்த எண்ணைப் பார்த்ததும் பலர் பயந்து வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள்; அங்கேதான் படம் கெடுகிறது. ஐஎஸ்ஓ ஏறும்போது வரும் புள்ளிகளான நாய்ஸ் நிறைந்த, கூர்மையான ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) மென்பொருளில் பெருமளவு துடைத்து எடுத்துவிடலாம். இழுபட்ட கண்ணை எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்டுத் தராது, தந்தாலும் அது கற்பனையாகத்தான் இருக்கும். மேனுவல் முறையில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நாமே நிறுத்திவிட்டு, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டுவிடுவது இதற்கு மிகவும் ஒத்துவரும் ஏற்பாடு.

அப்படியானால் நடுக்கத் தடுப்பு வீணா என்றால், இல்லை. மாலை மங்கிய பின் ஒரு கோபுரத்தையோ மலை முகட்டையோ நிலவையோ எடுக்கும்போது அதற்கு ஈடில்லை. லென்ஸிலேயே தடுப்பு இருந்தால், உள்ளே உள்ள கண்ணாடி வழியே காட்சியைக் காட்டும் டிஎஸ்எல்ஆர் கேமராவின் வியூஃபைண்டரில் தெரியும் காட்சியும் ஆடாமல் நிற்பதால் ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மேல் நிறுத்திவைப்பது எளிதாகிறது. வேகமான ஷட்டரோடும் நான் அதை அணைக்காமல் வைத்திருப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். லென்ஸில் உள்ள தடுப்பா, கேமரா உடலில் உள்ள தடுப்பா என்று தேர்ந்தெடுக்க நேர்ந்தால், நீண்ட குவியத் தூரத்துக்கு லென்ஸில் உள்ளதையே விரும்புவேன். கை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு ஆடினால் 50 மி.மீ. லென்ஸில் பிம்பம் 0.09 மி.மீ.தான் நகரும், 500 மி.மீ.யில் ஏறத்தாழ 0.9 மி.மீ. நகரும். அவ்வளவு தூரம் சென்சாரையே தள்ளிச் சரிசெய்வது கடினம். லென்ஸுக்குள் ஒரு சிறு கண்ணாடிக் கூறைச் சற்றே நகர்த்தினால் போதும். எந்த வகையானாலும் பொத்தானைப் பாதி அழுத்தி, காட்சி நிலைகொள்ள ஒரு கணம் பொறுத்து முழுதாக அழுத்த வேண்டும் என்பதையும், பக்கவாட்டில் நகர்வதைத் தொடர்ந்து எடுக்கும்போது நடுக்கத் தடுப்பை அதற்கென உள்ள இரண்டாம் முறைக்கு (மோட் 2) மாற்ற வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து டிரைபாட். கூர்மைக்கு டிரைபாட் என்பது பாதி உண்மை. ஓடையின் ஓரத்தில் அரை மணி நேரம் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குக்கு அது அருமையான துணை. அதே ஓடையின் மேல் திடீரென்று பாயும் மீன்கொத்திக்கு அது கால்கட்டு. தலைப்பகுதியின் திருகைத் தளர்த்தும் முன் பறவை தண்ணீரைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கும். மேலும் 1/2000 நொடியில் எடுக்கும்போது டிரைபாட் கூர்மைக்குச் சேர்ப்பது மிகக் குறைவு. அது தாங்குவது பெரும்பாலும் எடையை. வாங்குவதானால் மெலிந்த கால்களும் உயர்த்தும் நடுத்தண்டும் கொண்ட இலகுவான டிரைபாட் வேண்டாம். நீண்ட லென்ஸை அதில் ஏற்றி விரலால் லேசாகத் தட்டிவிட்டு, பின்திரையில் நேரடிக் காட்சியைக் காட்டும் லைவ் வியூவில் பெரிதாக்கிப் பாருங்கள். காட்சி ஓயாமல் அதிர்ந்துகொண்டிருப்பது தெரியும். கேமராவை அல்லாமல் லென்ஸின் காலரை (லென்ஸைச் சுற்றியுள்ள வளையப் பிடி) டிரைபாடில் பூட்டுவதும், இரண்டு நொடி டைமரையோ ரிமோட்டையோ பயன்படுத்துவதும் இங்கே கட்டாயம். டிஎஸ்எல்ஆரில் 1/4 முதல் 1/60 வரையிலான வேகங்களில் கண்ணாடி எழும் அதிர்வே படத்தைக் கெடுக்கும் என்பதால் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்த வேண்டும். பழைய லென்ஸ்கள் சிலவற்றில் டிரைபாடில் இருக்கும்போது நடுக்கத் தடுப்பை அணைக்காவிட்டால் அதுவே நடுக்கத்தை உண்டாக்கும். புதியவை பெரும்பாலும் தாமே உணர்ந்துகொள்கின்றன. உங்களுடையது எந்த வகை என்பதை இரண்டு விதமாகவும் பத்துப் படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நடந்து திரிந்து எடுப்பவருக்கு ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாடே நடுவழி. அது எடையைத் தாங்குகிறது, மேலும் கீழுமான ஆட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது, பக்கவாட்டில் தாராளமாகத் திரும்ப விடுகிறது. வண்டியின் சன்னலிலோ மதிலிலோ வைத்து எடுக்கத் தானியம் நிரப்பிய ஒரு துணிப்பை, பல டிரைபாட்களைவிட நன்றாக வேலை செய்யும். எதுவுமே இல்லையென்றால் இடக்கையை லென்ஸின் அடியில் முடிந்தவரை முன்னால் கொடுத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, மூன்று நான்கு படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள். பொத்தானை அழுத்தும் அசைவு முதல் படத்தில்தான் விழும். பெரும்பாலும் இரண்டாவதோ மூன்றாவதோ தேறிவிடும்.

அப்பர்ச்சரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எளிய ஜூம்கள் தம் நீண்ட முனையில், அப்பர்ச்சர் முழுதாகத் திறந்திருக்கும்போதுதான் மிகவும் மென்மையாக இருக்கும். எஃப்/6.3-இலிருந்து எஃப்/8-க்குப் போனால் மூன்றில் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும், ஆனால் பல லென்ஸ்களில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வெளிச்சம் மிச்சமிருந்தால் செய்யுங்கள். அதற்காக ஷட்டரைக் குறைக்க நேர்ந்தால் வேண்டாம். எஃப்/16-க்குப் போவதில் பொருளில்லை: சிறு திறப்பில் ஒளி விரிந்து பரவும் விளிம்பு விளைவினால் அங்கே பச்சை ஒளியின் ஒரு புள்ளி ஏறத்தாழ 21 மைக்ரான் வட்டமாகப் பரந்து ஐந்து பிக்சல் அகலத்தை மூடிவிடும். 300 வரை போகும் ஜூமை 250-இல் நிறுத்தி எடுப்பதும் சில லென்ஸ்களில் பலன் தரும்.

ஃபோகஸ் தவறுவது வேறு கதை; அதைப் புது லென்ஸால் தீர்க்க முயல்பவர்கள் நிறைய. முழு ஃபிரேமில் 400 மி.மீ., எஃப்/5.6, 5 மீட்டர் தொலைவு என்றால் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 5 செ.மீ. மட்டுமே. பறவையின் தோளில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும். எஃப்/11-க்கு மூடினாலும் 10 செ.மீ.தான் ஆகும், இரண்டு ஸ்டாப் வெளிச்சமும் போய்விடும். ஆகவே அப்பர்ச்சரை மூடித் தப்பிப்பதைவிட ஃபோகஸ் முறையை மாற்றுவதே மேல். கேமரா தானாகப் புள்ளியைத் தேர்ந்தெடுக்க விடாமல் ஒற்றைப் புள்ளியைக் கண்ணின் மேல் வைப்பதும், நகரும் பொருளுக்குத் தொடர் ஃபோகஸ் முறையில் இருப்பதும் அடிப்படை. கண்ணறியும் ஃபோகஸ் கொண்ட, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா இந்த ஒரு விஷயத்தில் பழைய டிஎஸ்எல்ஆரைவிட வெகுவாக முன்னேறியிருக்கிறது என்பதை, டிஎஸ்எல்ஆர் பற்றாளனான நானே ஒப்புக்கொள்கிறேன். டிஎஸ்எல்ஆரில் எல்லாப் படமும் ஒரே திசையில், எப்போதும் முன்னாலோ எப்போதும் பின்னாலோ, தவறினால் கேமராவின் ஃபோகஸ் நுண்திருத்த மெனுவைத் தேடுங்கள்.

பறவை இன்னும் சிறியதாகவே தெரிகிறது, என்ன செய்வது? லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டிக் குவியத் தூரத்தைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டர் போடுவதா, எடுத்த படத்தைக் கிராப் செய்வதா (ஓரங்களை வெட்டுவதா), பக்கத்தில் போவதா? பக்கத்தில் போவதுதான், வேறு பேச்சே இல்லை. 20 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு வந்தால் 300 மி.மீ. லென்ஸ் 600 மி.மீ. ஆகிவிட்டதற்குச் சமம்; பறவையின் மேல் விழும் பிக்சல்கள் நான்கு மடங்காகும்; இடையிலுள்ள காற்றும் பாதியாகும். முடியாத இடங்களில்தான் மற்ற இரண்டையும் ஒப்பிட வேண்டும். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தையும் 2 மடங்கு இரண்டு ஸ்டாப்பையும் விழுங்கும். லென்ஸின் குறைகளையும் அதே மடங்கில் பெரிதாக்கும். எஃப்/2.8 லென்ஸில் அது தாங்கும். எஃப்/6.3 ஜூமில் போட்டால் அப்பர்ச்சர் எஃப்/9 ஆகி, பல டிஎஸ்எல்ஆர்களில் ஆட்டோ ஃபோகஸே தடுமாறும். அதே அளவு கிராப் செய்தால் 24 மெகாபிக்சலில் 12 மீதி இருக்கும். அது ஏ4 தாளில் நன்றாக அச்சிடப் போதும். எளிய ஜூம் வைத்திருப்பவர் கன்வெர்ட்டரைத் தொடாமல் கிராப் செய்வதே சரி.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வெயில் ஏறிய பின் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்று, கானலாய் நெளிந்து, நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள எதையும் கலைத்துவிடும். இதற்கு எந்த விலையுள்ள லென்ஸிலும் மருந்தில்லை. அதிகாலை, மேகமூட்டம், குறைந்த தொலைவு ஆகியவைதான் வழி. வேறு வழியில்லையென்றால் தொடர்ச்சியாக முப்பது படம் எடுத்து, நெளிவு சற்றே அடங்கிய ஒன்றைப் பொறுக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு லென்ஸ்தான் மாற்ற வேண்டும் என்றால், எடையைத்தான் முதலில் பார்ப்பேன். 635 கிராம் எடையுள்ள கேனான் ஆர்எஃப் 100-400, நீண்ட முனையில் எஃப்/8 தான். ஆனால் நாள் முழுவதும் கழுத்தில் கிடக்கும். சோனி 200-600 ஏறத்தாழ 2.1 கிலோ, சிக்மாவின் 150-600 வகைகளில் இலகுவானதே 1.9 கிலோ; எட்டும் தூரத்தில் இவற்றோடு சிறியவை போட்டியிட முடியாது, ஆனால் இரண்டு மணி நேரம் கையில் தூக்கிய பின் நடுங்கும் கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 70-200 எஃப்/2.8 வகை லென்ஸ், எஃப்/6.3 லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 3200 வேண்டிய வெளிச்சத்தில் 640-லேயே வேலையை முடித்துவிடும். அரங்கம், உள்விளையாட்டு, மேடை ஆகியவற்றுக்கு அதுவே முதல் தேர்வு. பறவைக்கு அதை வாங்குவது தவறு: 600 மி.மீ. காட்சிக்காக 200 மி.மீ. படத்தை மூன்று மடங்கு கிராப் செய்தால் ஒன்பதில் ஒரு பங்கு பிக்சலே மிஞ்சும்.

வாங்கும் முன் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். நானும் ஒருமுறை 70-300 ஜூம் ஒன்றை விற்றுவிடத் தீர்மானித்து, விற்பனைக்காக அதைப் படமெடுக்கத் துடைத்தபோதுதான் முன்னால் மாட்டியிருந்த மலிவான பாதுகாப்பு ஃபில்டர் கண்ணில் பட்டது. பொடி எழுத்து நிறைந்த அச்சுத் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, டிரைபாடில் கேமராவை வைத்து, டைமரில் 300 மி.மீ.யில் ஃபில்டரோடு ஐந்து, கழற்றிவிட்டு ஐந்து என்று எடுத்தேன். ஃபில்டரோடு எடுத்தவற்றில் ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் மெல்லிய நிழல் ஒன்று ஒட்டியிருந்தது. கழற்றியவற்றில் எழுத்தின் மை தாளில் சற்றே ஊறியிருந்ததுகூடத் தெரிந்தது. 18-55 லென்ஸில் அதே ஃபில்டர் வகை எந்தக் குறையும் காட்டாததால்தான் அதுவரை எனக்குச் சந்தேகமே வரவில்லை. லென்ஸை விற்கவில்லை. முன் கண்ணாடியைக் காக்க இப்போது ஹூட் மட்டும் மாட்டியிருக்கிறேன். புது லென்ஸுக்கென்று ஒதுக்கியிருந்த தொகையில் ஒரு சிறு பகுதி மோனோபாடுக்குப் போயிற்று.